8ஆம் வகுப்புப் பெண்ணை 17 வயதுப் பிரிவில் ஓட விடலாமா?

காரிமங்கலத்து அப்பா | 12 ஜூலை 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு விளையாட்டைப் பற்றி அதிகம் தெரியாது, பால் வண்டி ஓட்டுகிறேன். மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கணக்கில் 2013 மே மாதம் பிறந்தவள், 12 வயது. பொங்கலுக்கு ஊரில் வைத்த ஓட்டப் பந்தயத்தில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினாள். அன்றிலிருந்து ஓட்டம்தான். விடிகாலை நான் வண்டி எடுக்கும்போதே அவளும் அவள் அம்மாவும் ஏரிக்கரைக்குப் போய்விடுகிறார்கள். முதல் டிரிப் முடித்து வந்து பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருப்பாள், முகமெல்லாம் வேர்வை.

அடுத்த மாதம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டி. 14 வயதுப் பிரிவில் 600 மீட்டர் ஓடுவாள் என்று நினைத்திருந்தேன். அதில் கூட்டம் அதிகம். போன வருடமே மாவட்டம் வரை போன பெண் ஒருத்தி பக்கத்துப் பள்ளியில் இருக்கிறாள். பி.டி. சார் வேறு யோசனை சொல்கிறார். 17 வயதுப் பிரிவில் 1500, 3000 மீட்டர் ஓடப் பெண் பிள்ளைகளே வருவதில்லையாம். “மூணு பேர்தான் நிப்பாங்க. ஓடி முடிச்சாலே மாவட்டத்துக்குப் போயிடலாம், சர்டிபிகேட்டும் கைக்கு வந்துடும்” என்கிறார். பிள்ளைகள் மேல் அக்கறை உள்ள மனிதர்தான். அதனால் உடனே முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. சொந்தக்காரர் ஒருவரோ நேர் எதிராக, “பிறந்த தேதியை மாத்தி வயசை ஒரு வருசம் குறைச்சு வாங்கிடு, விளையாட்டு விடுதிக்கு எழுதிப் போட வசதியா இருக்கும்” என்கிறார். ஏற்றுவதா, குறைப்பதா, இருப்பதில் விடுவதா என்று குழம்பிக் கிடக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏரியூரான் | 12 ஜூலை, இரவு 10:15

தாராளமாக ஏற்றி விடுங்கள் அண்ணா. பெரிய பிள்ளைகளோடு ஓடினால்தான் கால் சூடு பிடிக்கும். உசேன் போல்ட் 2002இல் கிங்ஸ்டனில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வாங்கியபோது வயது 15தான். அன்றைக்கு அவரை “நீ சின்னப் பையன், அப்புறம் வா” என்று சொல்லியிருந்தால்? தேதியைக் குறைப்பது மட்டும் வேண்டாம், அது தப்பு.

விசில் வாத்தியார் | 13 ஜூலை, காலை 6:05

தம்பி, நான் அரூர் பக்கம் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஜூலையிலும் யாராவது ஒரு தகப்பனார் மைதானத்து ஓரத்தில் நின்று கேட்பார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பள்ளி விளையாட்டில் 14, 17, 19 என்று மூன்று பிரிவு. இந்த வருடம் 14க்கு 2012 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும், 17க்கு 2009 ஜனவரி 1. அதாவது 17 வயதுப் பிரிவில் உங்கள் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பவள் 16 வயது முடிந்த பதினோராம் வகுப்புப் பெண்ணாக இருக்கலாம். நாலு வருட இடைவெளி. 30 வயதிலும் 34 வயதிலும் அது ஒன்றுமில்லை. 12க்கும் 16க்கும் நடுவில்தான் ஒரு பிள்ளையின் உடம்பே மாறி முடிகிறது.

தடகளச் சங்கம் நடத்தும் போட்டிகள் வேறு கணக்கு. அங்கே 14, 16, 18, 20. பள்ளியில் 17க்குள் வருகிற பிள்ளை சங்கப் போட்டியில் 18க்குப் போய்விடும். எந்தத் தேதியை வைத்து வயது எண்ணுகிறார்கள் என்பதும் அமைப்புக்கு அமைப்பு மாறும். சுற்றறிக்கையில் அந்த ஒரு வரியைப் படிக்காமல் பெயர் கொடுத்து, பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவே 12 முதல் 19 வரை மொத்தமாக ஒன்று. அங்கே உங்கள் பெண் போனால் அனுபவத்துக்காகப் போகலாம், ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஏரியூர்த் தம்பி போல்ட்டைச் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த 15 வயதுப் பையன் அப்போதே ஆறடி ஐந்து அங்குலம். வயதுதான் 15, உடம்பு வளர்ந்து நின்றுவிட்டது. நம் கண் பார்க்க வேண்டியது அதைத்தான். உலக தடகள அமைப்பே 16 வயது ஆகாதவர்களை ஒலிம்பிக்கில் விடுவதில்லை. 16, 17 வயதுக்காரர்களுக்கும் பெரியவர்களுக்கான மாரத்தான், 10,000 மீட்டர், நடைப் போட்டி, எறிதல் எதிலும் இடமில்லை. குண்டு எறிதலில் குண்டின் எடையைப் பாருங்கள்: ஆண் பிள்ளைக்கு 18 வயது வரை 5 கிலோ, 20 வரை 6, அதற்கு மேல் 7.26. வயது ஏற ஏறத்தான் எடையும் ஏறுகிறது. ஓட்டத்தில் தூரம்தான் அந்த எடை. கண்ணுக்குத் தெரியாததால் ஏற்றி விடுகிறோம்.

நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 1998இல் ரிலேவுக்கு நாலாவது ஆள் இல்லையென்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பெரிய பிரிவில் சேர்த்தேன். 4x400. பேட்டனை வாங்கும்போது நாங்கள் இரண்டாவது. அவன் கொடுக்கும்போது கடைசி. யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அடுத்த வருடம் பெயர் கொடுக்கக் கூப்பிட்டபோது “எனக்கு வராது சார்” என்றான். அவன் வயதுப் பிரிவில் அவன்தான் எங்கள் பள்ளியிலேயே வேகமான பையன்.

600 மீட்டரில் விடுங்கள் தம்பி. தோற்றாலும் தன் வயதுப் பிள்ளைகளிடம் தோற்கட்டும். பயிற்சியில் வாரம் ஒரு நாள் பெரிய பெண்களோடு சேர்ந்து ஓடலாம். அது நல்லதுதான்.

பிறந்த தேதி விஷயத்தில் ஒரு கேள்வி: பள்ளிக் கணக்கில் “மே” என்கிறீர்களே, பிறப்புச் சான்றிதழிலும் மேதானா?

காரிமங்கலத்து அப்பா | 13 ஜூலை, மதியம் 1:20

ஐயா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. அவள் பிறந்தது 2014 பிப்ரவரி, பாலக்கோட்டில், மாமியார் வீட்டில் இருந்தபோது. அப்போதே பதிவு செய்து வாங்கிய சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து போகட்டும் என்று நாங்கள்தான் கெஞ்சினோம். மே மாதம் என்று போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அதை நாங்கள் பெரிதாக நினைக்கவே இல்லை.

விசில் வாத்தியார் | 13 ஜூலை, மதியம் 1:52

கண்டுபிடிக்க ஒன்றுமில்லை தம்பி. என் காலத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் பாதி வகுப்பு மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்திருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும், ஐந்து வயது காட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் தீரவில்லை.

விஷயம் என்ன தெரியுமா? உங்கள் பெண்ணுக்கு 12 இல்லை, 11 வயது 5 மாதம். அந்தப் பிள்ளையைத்தான் 16 வயதுப் பெண்ணோடு 3000 மீட்டர் ஓட வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. பள்ளிக் கணக்குப்படி 2026 வரைதான் அவளுக்கு 14 வயதுப் பிரிவு. உண்மையான தேதிப்படி 2027 வரை உண்டு. உங்கள் சொந்தக்காரர் பொய்யாக வாங்கித் தரப் பார்த்த வருடம் அவளுக்கு நியாயமாகவே சேர வேண்டியது. பிறந்த உடனே பதிவான சான்றிதழ் இருப்பதால் கூச்சப்பட வேண்டாம். தலைமை ஆசிரியரைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். பள்ளிப் பதிவேடு, எமிஸ் (கல்வித் துறையின் கணினிப் பதிவு), ஆதார் மூன்றிலும் ஒரே தேதி வர வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

பழைய ஓட்டக்காரன் | 13 ஜூலை, இரவு 8:30

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு வயதைக் குறைத்தார்கள். ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்கு மாற்றியபோது இரண்டு வருடம். பள்ளியின் பெயர் வேண்டாம். எனக்கு அப்போது அது தப்பு என்றே தெரியாது.

எட்டாம் வகுப்பில் 100, 200, நீளம் தாண்டுதல் மூன்றிலும் முதல் இடம். பேப்பரில் போட்டோ வந்தது. எனக்கு மீசை அரும்பியிருந்தது, பக்கத்து லேனில் நின்றவர்களுக்குக் குரல்கூட உடையவில்லை. பதினோராம் வகுப்பு வந்ததும் எல்லோரும் என் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். உடம்பு பலத்தில் ஜெயித்ததால் ஸ்டார்ட் எடுக்கவும் கை வீசவும் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவே இல்லை. தேவைப்படவில்லை, கற்கவில்லை. 17 வயதில் அவமானமாகப் போய் விட்டுவிட்டேன்.

அப்புறம் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுதிப் போட்டபோது பிறப்புப் பதிவில் ஒரு தேதி, மார்க் ஷீட்டில் ஒரு தேதி. அலைந்து ஓய்ந்தேன். மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிராக 2010லேயே தேசிய அளவில் நெறிமுறை கொண்டுவந்துவிட்டது. பிடிபட்டால் தடை, பதக்கமும் போகும்.

எனக்கு இப்போதும் உறுத்துவது அதில்லை. அன்றைக்கு 200 மீட்டரில் மூன்றாவதாக வந்து, மாவட்டத்துக்குப் போக முடியாமல் போன பையன் ஒருவன் இருந்தான். நீல டிராயர் போட்டிருந்தான். அது அவனுடைய இடம்.

ஓசூர் அம்மா | 14 ஜூலை, காலை 11:10

எங்கள் கதை கிரிக்கெட். அங்கே செப்டம்பர் 1ஐ வைத்து வயது எண்ணுகிறார்கள். 16 வயதுப் பிரிவுப் பையன்களுக்கு எலும்புச் சோதனையும் உண்டு. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைக் கணக்கிடுவார்கள். டேனர் ஒயிட்ஹவுஸ் முறை என்று பெயர்.

என் மகனுடைய பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து பிழை கிடையாது. ஆனால் 13 வயதிலேயே என்னை விட உயரம், குரல் உடைந்துவிட்டது. மணிக்கட்டு எலும்பு வயதை அதிகமாகக் காட்டியது. வெளியே உட்கார்ந்திருந்தபோது இன்னொரு பையனின் அப்பா எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாங்கள் ஏதோ திருடிவிட்டது போல. சோதனை தேவைதான், மோசடி அவ்வளவு நடக்கிறது. ஆனால் சீக்கிரம் வளர்கிற பிள்ளையும் உண்மையான பிள்ளைதான் என்பதை யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். நான்தான் சொன்னேன், தினமும்.

அவனுக்கு நான் காட்டிய ஆள் நம் பக்கத்து ஜில்லா நடராஜன். சின்னப்பம்பட்டியில் 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். எந்த வயதுப் பிரிவு அணியும் அவரைத் தேடி வரவில்லை. 2015இல் ரஞ்சி, 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்திய அணி. 16 வயது அணியில் இடம் கிடைக்காததோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை.

ஊத்தங்கரை ரைடர் | 14 ஜூலை, மாலை 5:45

கபடியில் வயது மட்டும் போதாது, எடையும் பார்ப்பார்கள். போன வருடம் சப் ஜூனியர் என்றால் 16 வயது, 55 கிலோ. இரண்டும் ஒத்து வர வேண்டும்.

என் அண்ணன் மகன் போன வருடம் 57 இருந்தான். இரண்டு கிலோதானே என்று அணியில் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் களியைத் தொடவில்லை, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினான், கடைசி நாள் தண்ணீர்கூட இல்லை. எடைத் தராசில் 54.8. எல்லோரும் கை தட்டினார்கள். முதல் ரைடில் போனவன் கோட்டைத் தொடாமலே மயங்கி விழுந்தான். 15 வயதுப் பிள்ளை. வளரும் பிள்ளை எடை கூடத்தான் செய்யும். கூடினால் மேல் பிரிவுக்குப் போகட்டும், உட்கார்ந்தாவது இருக்கட்டும். கீழே பிடித்து இழுக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி பிசியோ | 14 ஜூலை, இரவு 10:05

காரிமங்கலம் அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட். ஜூலை, ஆகஸ்டில் என்னிடம் வரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இரண்டே இடத்தில்தான் வலி. ஒன்று குதிகாலின் பின்பக்கம், இன்னொன்று முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடம். “சுளுக்கு, எண்ணெய் போட்டு நீவினோம்” என்பார்கள். பெரும்பாலும் சுளுக்கு இல்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் இன்னும் இறுகாத குருத்தெலும்புப் பகுதி உண்டு, அங்கேதான் எலும்பு நீள்கிறது. எலும்பு வேகமாக நீளும், தசைநார் பின்தங்கும். அந்த நேரத்தில் தூரத்தைத் திடீரென்று கூட்டினால் நார் அந்த இளசான இடத்தைப் பிடித்து இழுக்கும்.

பெண் பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் சுமார் 12 வயது, ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 14. அப்போது வருடத்துக்கு 8, 9 சென்டிமீட்டர்கூட வளரும். உங்கள் மகள் அதன் வாசலில் நிற்கிறாள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேதியோடு குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதற்கு எளிய அளவு உண்டு: பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 11 வயதென்றால் எல்லா விளையாட்டும் சேர்த்து 11 மணி. வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு. வளர்ச்சி வேகம் உச்சத்துக்கு வந்து ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் பெரியவளாகிவிடுவார்கள். அப்போது இரும்புச்சத்தைக் கவனிக்க வேண்டும், ஓட்டத்தின் நேரமும் கொஞ்ச நாள் கூடிக் குறையும். அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் திட்டிவிடாமல் அவள் அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

வயதுப் பிரிவு எப்படி வைத்தாலும் ஒரு ஓரத்தில் யாராவது இடிபடுவார்கள். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்து 1985இல் ஒரு ஆய்வு வந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள்தான் நிறைய. அங்கே பிரிவுக்கான தேதி ஜனவரி 1. ஒரே பிரிவில் பதினொரு மாதம் மூத்த பிள்ளை கண்ணில் படுகிறது, தேர்வாகிறது, நல்ல பயிற்சியும் அதற்கே போகிறது. இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகளில் வயதை விட்டு உடல் முதிர்ச்சியை வைத்துப் பிரித்து ஆட வைத்தும் பார்த்திருக்கிறார்கள். நம் குறுவட்டத்தில் அதெல்லாம் இப்போது நடக்காது. ஆனால் வீட்டில் அப்பா அம்மா பார்க்கலாம்.

ஏரியூரான் | 14 ஜூலை, இரவு 11:00

நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். 11 வயது என்று தெரியாமல் பேசிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: பி.டி. சாரிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் மனம் கோணினால் அடுத்த வருடம் பெயரே எழுதாமல் விட்டால்?

விசில் வாத்தியார் | 15 ஜூலை, காலை 5:50

நல்ல கேள்வி. தகராறாகப் போகாதீர்கள். அவருக்கும் பள்ளிக்குப் புள்ளி வேண்டும், எல்லாப் போட்டிக்கும் ஆள் நிறுத்த வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறது, நான் பட்டவன். பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பள்ளி விட்ட பிறகு மைதானத்துக்குப் போங்கள். சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு, “சார், இவளுக்கு 11தான் ஆகிறது, 600க்கு நீங்களே தயார் செய்யுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். 17 பிரிவுக்கு ஆள் வேண்டுமென்றால் ஒன்பது, பத்தாம் வகுப்பில் தேடட்டும். கபடி, கோ-கோ ஆடுகிற பெண்களில் நன்றாக மூச்சுப் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள்.

காரிமங்கலத்து அப்பா | 23 ஆகஸ்ட், இரவு 8:15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பி.டி. சார் சான்றிதழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார், அவ்வளவுதான். அவரே தலைமை ஆசிரியரிடம் அழைத்துப் போனார். தேதி திருத்த எழுதிக் கொடுத்திருக்கிறோம். 1500க்குக் கோ-கோ ஆடும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தி, அவள் இரண்டாவது வந்தாள்.

என் மகள் 600இல் நான்காவது. கடைசித் திருப்பம் வரை இரண்டாவதாக வந்தாள், அப்புறம் இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். மாவட்டத்துக்குப் போகவில்லை. வண்டியில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள், நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. காரிமங்கலம் தாண்டியதும், “அப்பா, ஏரிக்கரையில 600 மீட்டர் எது வரைக்கும்?” என்று கேட்டாள்.

இன்று காலை டிரிப் முடித்ததும் அளந்தோம். சைக்கிள் டயரில் சாக்பீஸால் ஒரு குறி வைத்து, நூல் சுற்றிப் பார்த்தால் ஒரு சுற்று 2 மீட்டர் 20 சென்டிமீட்டர். நான் தள்ள, அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். 273 சுற்று. மதகில் ஆரம்பித்தால் இரண்டாவது புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிறது. அங்கே ஒரு கல்லில் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம்.